மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம்

கேள்வி: என் கணவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளர். மாணவர்களிடம் வசூலித்த தேர்வுக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டவில்லை என்று இரண்டு மாதத்துக்கு முன் சஸ்பெண்ட் செய்தார்கள். தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன் என்கிறார் இவர். இப்போது 17(பி) குற்றச்சாட்டு மெமோ வந்திருக்கிறது, 15 நாளில் பதில் கேட்டிருக்கிறார்கள். என் மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர், 2003 வேலைநிறுத்தத்தில் டிஸ்மிஸ் ஆகித் திரும்ப வேலைக்கு வந்தவர். "தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடு, விட்டுவிடுவார்கள்" என்கிறார். அலுவலகத்திலும் இதையேதான் சொல்கிறார்களாம். சஸ்பென்ஷன் காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியம் இன்னும் ஒரு பைசா வரவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம். எழுதி வைத்திருந்தால் கொடுக்க வேண்டாம்.

மாமனார் தன் அனுபவத்தில் இருந்து சொல்கிறார், அவர் மேல் கோபப்படாதீர்கள். 2003 ஜூலையில் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அவசரச் சட்டம் போட்டு, விசாரணை எதுவும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, நிபந்தனையற்ற மன்னிப்பும் இனி வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அது வேலைநிறுத்தம், ஊருக்கே தெரிந்து செய்தது. உங்கள் கணவர் மேல் இருப்பது பணக் கையாடல் குற்றச்சாட்டு. இதில் "தப்புதான்" என்று ஒரு வரி எழுதினால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், அதற்கு மேல் சாட்சியும் வேண்டாம் ஆவணமும் வேண்டாம், நேராகத் தண்டனைதான். நாளைக்குப் போலீஸில் புகார் கொடுத்தால் அங்கேயும் அதே கடிதத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். "விட்டுவிடுவார்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறவர் யாரும் அதை எழுத்தில் தர மாட்டார்.

சஸ்பென்ஷன் தண்டனை இல்லை, விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது. அதனால்தான் அதற்கு முன்னால் விளக்கம் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தெருவில் நாலு பேர் என்ன பேசினாலும், உங்கள் கணவர் மேல் இன்றைய தேதிக்கு ஒன்றும் நிரூபணமாகவில்லை. வேலையைப் பறிக்க வேண்டுமென்றால் அரசியலமைப்புச் சட்டத்தின் 311-வது பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும்: குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரித்த பிறகுதான் டிஸ்மிஸ் செய்யலாம், அதுவும் அவரை நியமித்த அதிகாரிக்குக் கீழே உள்ள ஒருவர் செய்ய முடியாது. பீரோவில் இருக்கும் நியமன உத்தரவைத் தேடி எடுத்து யார் கையெழுத்து என்று பார்த்து வையுங்கள். விதிவிலக்குகள் உண்டு, குற்ற வழக்கில் தண்டனை பெற்றவருக்கு இந்த விசாரணை தேவையில்லை என்பது மாதிரி. உங்கள் கணவர் விஷயம் அப்படி இல்லை.

சரி, மெமோவுக்கு வருவோம். தமிழ்நாடு குடிமைப் பணி (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைக்கு, 17(பி) பெரிய தண்டனைக்கு. வந்திருப்பது பெரியது. மெமோவோடு வந்த காகிதக் கட்டை முழுசாகப் பிரித்துப் பாருங்கள். குற்றச்சாட்டு, அதன் விவரம், எந்தெந்த ஆவணங்களை வைத்து, எந்தெந்த சாட்சிகளை வைத்து நிரூபிக்கப் போகிறார்கள் என்ற பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். ரொக்கப் பதிவேடு, ரசீதுப் புத்தகம், சலான் இவற்றின் நகல்கள் கையில் இல்லாமல் பதில் எழுத உட்கார வேண்டாம். இன்னின்ன ஆவணம் வேண்டும், கிடைத்த பிறகு இத்தனை நாளில் பதில் தருகிறேன் என்று இந்த 15 நாள் முடிவதற்குள் மனு கொடுங்கள், நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபால். இந்த முத்திரைக்கு எவ்வளவு மதிப்பு என்பது இரண்டு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் நிற்கும்போதுதான் தெரியும்.

பதிலில் கடைசியாக ஒரு கேள்விக்கு விடை எழுத வேண்டியிருக்கும். வாய்மொழி விசாரணை வேண்டுமா, அல்லது நேரில் அவரை மட்டும் கேட்டால் போதுமா என்பதுதான் அது. எத்தனையோ பேர் பயத்திலும் அலுப்பிலும் "நேரில் கேட்டால் போதும்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பைத் தன் கையாலேயே கைவிட்டதாகிவிடும். உங்கள் கணவர் வழக்கின் உயிரே தலைமை ஆசிரியரிடம் பணம் கொடுத்தாரா என்பதில்தான் இருக்கிறது. அந்தத் தலைமை ஆசிரியரை எதிரே உட்கார வைத்து, எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கினீர்கள், பதிவேட்டில் இந்தச் சுருக்கொப்பம் யாருடையது என்று கேட்காமல் உண்மை எப்படி வெளியே வரும்? "வாய்மொழி விசாரணை வேண்டும்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கேட்டால் நடத்தித்தான் ஆக வேண்டும். விசாரணைக்கு உதவியாகச் சக அரசு ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞரைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை, ஆனால் பதில் எழுதும்போது பணியாளர் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆவணத்தை மேசையில் வைத்துவிட்டால் நிரூபித்ததாகாது, அதைப் பேச ஒரு சாட்சி வேண்டும் என்று 2008-ல் ரூப் சிங் நேகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணை அதிகாரி அறிக்கை கொடுத்தால், தண்டனைக்கு முன் அதன் நகலைக் கொடுத்து ஊழியரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது 1993-ல் கருணாகர் வழக்கில் அரசியல் சாசன அமர்வே உறுதிசெய்த விஷயம்.

அப்புறம் பிழைப்பூதியம். இது யாருடைய தயவும் இல்லை, விதிப்படி தந்தாக வேண்டிய பணம். சுமாராகப் பாதிச் சம்பளமும் அதற்குரிய அகவிலைப்படியும் வரும். ஆனால் வேறு வேலையோ தொழிலோ செய்யவில்லை என்று உங்கள் கணவர் சான்று எழுதித் தர வேண்டும், பல இடங்களில் இது கொடுக்கப்படாததாலேயே பிழைப்பூதியப் பட்டியல் நின்றுபோகிறது. மாதா மாதம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்தும் வரவில்லை என்றால் அதையும் தேதி போட்டு எழுதிக் கேளுங்கள். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த ஒரு பாதுகாப்பு அதிகாரிக்குப் பிழைப்பூதியமே தராமல், அவர் இல்லாமலே விசாரணையை முடித்து டிஸ்மிஸ் செய்தார்கள். பால் ஆண்டனி வழக்கு என்பார்கள். 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த டிஸ்மிஸ் செல்லாது என்றது. மனிதனைப் பட்டினி போட்டுவிட்டு விசாரணைக்கு வா என்பது நியாயமே இல்லை.

மூன்று மாதம் ஆனால் சஸ்பென்ஷன் தானாக ரத்தாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2015-ல் அஜய் குமார் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று மாத வரம்பு சொன்னது உண்மை, ஆனால் அதற்குள் மெமோ தராதவர்களுக்குத்தான் அது நேரடியாக உதவும். மெமோ கொடுத்த பிறகு நீட்டிப்பதென்றால் காரணம் சொல்லி உத்தரவு போட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதிவேடுகள் எல்லாம் அலுவலகம் கைப்பற்றிவிட்டது, இனி நான் கலைக்க எதுவும் இல்லை, வேறு பள்ளியிலாவது பணி கொடுங்கள் என்று ஒரு மனு போடட்டும். அந்த மனு நிலுவையில் இருக்கும்போது அனுமதி வாங்காமல் ஊரை விட்டுப் போக வேண்டாம், சஸ்பென்ஷன் உத்தரவில் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.