"ஹார்மோன் ஃபில்டர்" வாங்கலாமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: மகளுக்கு 7 வயது, பிறந்ததிலிருந்து கேன் தண்ணீர்தான். பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் ரசாயனம் ஹார்மோனைக் கெடுக்கும், பெண் பிள்ளைகள் சீக்கிரமே வயதுக்கு வந்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டுப் பயந்திருக்கிறார். ஆர்ஓ சுத்திகரிப்பு மிஷின் விற்க வந்தவர் இவர்கள் வீட்டுத் தண்ணீரில் கரண்ட் கம்பியை விட்டுக் கலங்கலாக்கிக் காட்டி, "ஹார்மோன் ஃபில்டர்" சேர்த்து 32 ஆயிரம் என்றாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். முதலில் அந்தக் கம்பி வித்தை. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பியில் இருக்கும் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும், அவ்வளவுதான். நீங்கள் பார்த்த பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அவர் கொண்டுவந்த கம்பியின் துரு. அடுத்த முறை வந்தால் அவருடைய ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். இத்தனை வருஷமாக வீடு வீடாக இதைச் செய்து பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள், கேட்பார் யாருமில்லை.

அந்த ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்க டிடிஎஸ் மீட்டரும் உதவாது. அது உப்பின் அளவை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் சொல்லும். நீங்கள் பயப்படும் பிளாஸ்டிக் ரசாயனம் பிஸ்ஃபீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ, மைக்ரோகிராம் கணக்கு, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குடிநீரில் லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கிறது. மீட்டரில் 50 காட்டினாலும் 500 காட்டினாலும் பிபிஏ பற்றி ஒன்றும் தெரியாது.

இப்போது கேன். அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று போட்டு, கெட்டியாக, கண்ணாடி மாதிரி இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அது பிபிஏ வைத்துச் செய்வது. 1 என்று இருந்தால் பெட் (PET) என்ற வேறு பிளாஸ்டிக், அதில் பிபிஏ கிடையாது. பாலிகார்பனேட்டிலிருந்து சாதாரணமாக இறங்குவது மிகக் கொஞ்சம்தான், உடம்புக்குள் போகும் பிபிஏவில் பெரும்பங்கு சாப்பாட்டு வழியாக வருவது. ஆனால் சூடு பட்டால் கூடுதலாக இறங்கும். நம் ஊரில் மே மாத வெயிலில் திறந்த வண்டியில் கேனை அடுக்கிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுகிறார்கள், கீறல் விழுந்து மங்கிப்போன கேனையே திரும்பத் திரும்ப நிரப்புகிறார்கள். பால் புட்டியில் பிபிஏ கூடாது என்று இந்தியத் தர அமைப்பு 2015-லேயே சொல்லிவிட்டது. அந்தப் புட்டியில் பால்மாவு கலக்கும் தண்ணீர் மட்டும் அதே பிளாஸ்டிக்கில் வரலாமாம்! குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் பிபிஏவுக்கு ஒரு வரம்புகூட இல்லை. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிபிஏ தினமும் இவ்வளவு வரை உடம்புக்குள் போகலாம் என்ற அளவை 20,000 மடங்கு குறைத்தது, நாம் இன்னும் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து நிம்மதியாகிக்கொண்டிருக்கிறோம்.

சரி, என்ன செய்வது? மெட்ரோ வாட்டர் வருகிறதென்றால் கேனை நிறுத்துங்கள். பிபிஏ மாதிரி ரசாயனத்தைப் பிடிக்க கார்பன் பிளாக் ஃபில்டர், அதற்குப் பின்னால் கிருமியைக் கொல்ல யூவி விளக்கு, பிடித்துவைக்க எவர்சில்வர் குடம், போதும். கார்பன் என்றால் உதிரித் துகள் அடைத்தது வேண்டாம், அழுத்திக் கட்டியாக்கியதைக் கேட்டு வாங்குங்கள், அதில்தான் தண்ணீர் கார்பனோடு நன்றாக உரசிப் போகும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், பிபிஏ போகாது. யூவி விளக்கும் அப்படித்தான்.

போர் தண்ணீர் மட்டும்தான், அது உப்பு என்றால் ஆர்ஓ வேண்டும், வேறு வழியில்லை. இங்கேதான் கவனம் வேண்டும். பல மிஷின்களில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் சர்வீஸுக்கு வந்தவர் அதைத் திறந்துவிடுவார், ருசி வந்துவிடும். எப்படி வந்தது? உப்பை வடிக்கும் சவ்வான மெம்பிரேனைத் தொடாத தண்ணீரை ஒரு பக்கமாகக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கலந்துவிட்டார். எதை நிறுத்தப் பணம் கொடுத்தீர்களோ அதில் ஒரு பங்கு மறுபடி டம்ளருக்குள். அந்தத் திருகை உங்கள் கண்ணெதிரே முழுக்க மூடச் சொல்லுங்கள். ருசி வேண்டுமென்றால் தாது உப்பு சேர்க்கும் மினரல் கேட்ரிட்ஜ் மாட்டிக்கொள்ளலாம், அதில் கலப்படப் பாதை இல்லை. வேறு ஆள் வந்து போனாலும் மறுபடி பாருங்கள், ஏனென்றால் புகார் வராமல் இருக்க அவர்களுக்குத் தெரிந்த சுலபமான வழி அதுதான்.

எந்த ஃபில்டரானாலும் கார்பனுக்கு ஆயுள் உண்டு. அது நிறைந்துவிட்டால் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் வரும், உள்ளே எதுவும் பிடிபடாது. ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், போட்டிருந்தாலும் சர்வீஸுக்கு வருபவர் மாற்றாமல் துடைத்து மாட்டிவிட்டுப் போவது சகஜம். பழைய கேட்ரிட்ஜை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், புதியதில் தேதியை மார்க்கரால் நீங்களே எழுதுங்கள்.

மகள் விஷயம். சீக்கிரம் வயதுக்கு வருவதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை, உடல் எடை, குடும்ப வாகு என்று பல இருக்கின்றன. எட்டாவது பிறந்தநாளுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தெரிந்தால் ஃபில்டர்காரரிடம் பேசிக்கொண்டிருக்காமல் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.