திபெத்ல இறந்தவங்க உடலை ஏன் கழுகுக்குக் கொடுக்கறாங்க? இது கொடூரம் இல்லையா?

கொடூரம் இல்லைங்க, அவங்க நம்பிக்கைப்படி ஒரு மனுஷன் கடைசியா செய்யற தானம் இது. உயிர் போயிட்டா உடம்பு வெறும் கூடு, அதை வெச்சு இன்னொரு உயிரோட பசி ஆறட்டுமேங்கற எண்ணம்தான். அடுத்த பிறவிக்கு முன்னாடி 49 நாள் வரைக்கும் பர்தோன்னு ஒரு இடைநிலை உண்டுன்னு நம்புறாங்க, அதுக்காக லாமாக்கள் வந்து மந்திரம் ஓதுவாங்க.

நிலமும் ஒரு காரணம். 4000 மீட்டருக்கு மேல மரமே பெருசா கிடையாது, எரிக்க விறகுக்கு எங்க போறது, தரையும் பாறையும் உறைபனியுமா கெடக்கறதால குழி தோண்டறதும் பெரும்பாடு.

விடியக்காலையில உடலை மேட்டுக்குக் கொண்டு போவாங்க, ஜூனிபர் தழையைக் கொளுத்திப் புகை போடுவாங்க, பிணந்தின்னிக் கழுகுங்க வந்து கூடிடும். ரோக்யாபான்னு இதுக்குன்னே இருக்கற ஆளுங்க உடலை வெட்டிப் போடுவாங்க, கடைசியில எலும்பையும் இடிச்சு சம்பா, அதாவது வறுத்த பார்லி மாவு, அதுல கலந்து போட்டுடுவாங்க, ஏன்னா எதுவும் மிஞ்சக்கூடாது. லாசாவுக்கு வடகிழக்கே இருக்கற திரிகுங் தில் மடாலயம் இதுக்கு ரொம்ப பேர் போன இடம்.

எல்லாருக்கும் இதே முறை இல்ல. தொத்துநோய்ல செத்தவங்களைப் புதைச்சிடுவாங்க. 5வது தலாய் லாமா உடலைப் பதப்படுத்தி பொட்டாலா அரண்மனையில தங்கம் போர்த்தின ஸ்தூபிக்குள்ள வெச்சிருக்காங்க.

1960கள்ல சீன அரசு இதைத் தடை பண்ணுச்சு, 80கள்ல திரும்ப அனுமதிச்சாங்க. டூரிஸ்ட்டா போறவங்க தயவுசெஞ்சு அங்க கேமராவைத் தூக்கிட்டுப் போயிடாதீங்க, அது ஒரு குடும்பத்தோட துக்க வீடு.