தின்பதைப் பொறுத்துத்தான் முட்டை

கேள்வி: கத்தரியில் இலைச்சாறு உறிஞ்சும் செஞ்சிலந்தியைத் தின்னும் பேன்களை (சிலந்தி இனத்துச் சிற்றுயிர்கள்) விட்டேன். செஞ்சிலந்தி குறைந்ததும் அவற்றையும் காணோமே? – வாசகர், பாகூர்

பதில்: பசிதான், வேறென்ன! நீங்கள் விட்டது பைட்டோசியூலஸ் வகையென்றால் அதற்குச் செஞ்சிலந்தியை விட்டால் வேறு சாப்பாடு கிடையாது. வயிறு நிறைந்தால், 25 டிகிரி வெப்பத்தில், ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து முழுப்பேனாகி, பெண் பேன் நாளைக்கு நாலைந்து முட்டை வரை போடும். ஒவ்வொரு முட்டையும் தாயின் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி, அவ்வளவு சத்துக்கு எங்கே போகும்? அதனால் இரை குறைந்ததுமே முட்டை நின்றுவிடும், அப்புறம் இடம் மாறும், இல்லாவிட்டால் சாகும். இரை தின்னும் பேன்களில் இன்னொன்றான சுவிர்ஸ்கி வகை அப்படியில்லை, அதன் இரையான இலைப்பேன், வெள்ளை ஈ இல்லாவிட்டாலும் மகரந்தத்தைத் தின்றே வளர்ந்து முட்டையும் போடும். ஆனால் எந்த மகரந்தமும் சரிவராது. சிலதில் குஞ்சு வளரும், முட்டை மட்டும் குறையும். அதோடு, செஞ்சிலந்தியின் நூல்வலைக்குள் அது அவ்வளவாக நுழையாது. உங்களுக்குப் பழைய ஆளான பைட்டோசியூலஸே சரி, செஞ்சிலந்தி திரும்பத் தலைகாட்டியதும் மறுபடி விடுங்கள்.