எட்டு மணிச் செய்தி நாற்காலிக்குப் போகும் வழி

அன்புள்ள அம்மா,

தெர்மினால், அதாவது பிரெஞ்சுப் பள்ளியின் இறுதி வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் மருத்துவம் வேண்டாம், தொலைக்காட்சியில் செய்தி வழங்கப் போகிறேன் என்று சொல்வதாகவும், நிறத்தையும் முகத்தையும் பார்த்துத்தான் அங்கே ஆள் எடுப்பார்கள் என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

உங்கள் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவரான ஹாரி ரோசெல்மாக், பிரான்சின் டி.எஃப்.1 தொலைக்காட்சி அலைவரிசையின் இரவு எட்டு மணிச் செய்தியை வழங்கியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அது 2006ஆம் ஆண்டுக் கோடையில்தான் நடந்தது. ஆனால் அவர் அதற்கு முன்பே வானொலியிலும் செய்தி அலைவரிசையிலும் உழைத்துத் தேர்ந்த பத்திரிகையாளர் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். பிரான்சில் செய்தி வழங்குபவர் பத்திரிகையாளராகவே கருதப்படுகிறார். ஒவ்வொரு செய்திக்குமான முன்னுரையைப் பெரும்பாலும் அவரே எழுதுகிறார், எந்தச் செய்தி முதலில் வரவேண்டும் என்ற விவாதத்திலும் அவருக்குப் பங்குண்டு. ஆகவே குரல் பயிற்சி, ஒப்பனைப் பயிற்சி என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பணம் கட்டிவிடாதீர்கள்.

1924இல் தொடங்கிய லீல் நகரப் பத்திரிகையியல் பள்ளி, 1946இல் பாரிஸில் தொடங்கிய சே.எஃப்.ஜி. முதலிய அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பெரும்பாலும் மூன்றாண்டு லிசான்ஸ் என்ற இளநிலைப் பட்டப் படிப்புக்குப் பின்னரே, கடுமையான போட்டித் தேர்வின் வழியாக மாணவர்களைச் சேர்க்கின்றன. எனவே உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் பார்க்கூர்சூப் இணையதளத்தில் இப்போது அவர் வரலாறு, சட்டம், பொருளியல் ஆகியவற்றுள் மனத்துக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்களை அந்தத் தேர்வுகளுக்கு இலவசமாகத் தயார்செய்யும் 'லா ஷான்ஸ்' என்ற அமைப்பும் இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று: நாற்காலிகள் மிகக் குறைவு, அமர்ந்தவர்கள் எளிதில் எழுவதுமில்லை. ழான்-பியர் பெர்னோ டி.எஃப்.1இன் நண்பகல் செய்தியை 1988 முதல் 2020 வரை வழங்கினார். லீல் பள்ளியில் படித்த ஆன்-கிளேர் குத்ரே பல ஆண்டுகள் செய்தியாளராக அலைந்து, பிறகு 'ஜோக்கர்', அதாவது விடுமுறையில் செல்பவருக்கு மாற்றாக அமர்பவராக இருந்து, 2015இல்தான் அதே அலைவரிசையின் வார இறுதிச் செய்தியை, அதுவரை வழங்கிவந்த கிளேர் ஷசாலிடமிருந்து ஏற்றார். பள்ளியை முடித்தவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தமோ, துண்டு துண்டாகக் கூலி தரும் பீஜ் வேலையோதான். அதுவும் பாரிஸைவிட்டு வெகுதூரத்தில், பிரான்ஸ் 3 என்ற பொதுத்துறைத் தொலைக்காட்சியின் ஏதேனும் ஒரு வட்டார நிலையத்தில் இருக்கலாம்.

ஆகவே மகளிடம் ஒன்றைக் கேளுங்கள்: கமெராவுக்கு முன் ஒருபோதும் அமராமல், இருபது ஆண்டுகள் மழையில் நின்று செய்தி சேகரிக்க நேர்ந்தாலும் இந்தத் தொழில் வேண்டுமா? அவர் தயங்கினால், பார்க்கூர்சூப் விருப்பப் பட்டியலை முடிப்பதற்குள் அவரை ஒருமுறை என்னிடம் அனுப்பிவையுங்கள். மருத்துவத்தைப் பற்றியும் அப்போது பேசிக்கொள்ளலாம்.