ஊராட்சிப் பயிற்சி வகுப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், செயலர்களுக்கு வகுப்பெடுப்பவன் என்ற முறையில் என்னிடம் வந்த கேள்விகளில் சில.

புதிதாகப் பயிற்றுநர் வேலையில் சேர்ந்திருக்கிறேன் சார். தலைவர்களுக்கான ஒருநாள் வகுப்பை எங்கிருந்து தொடங்கலாம்?

ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-வது சட்டத் திருத்தத்தில் தொடங்காதீர்கள், தம்பி. அதைப் பிற்பகலுக்குத் தள்ளினாலும் குடி முழுகிப் போகாது. வரும்போதே போன மாத மின்கட்டண ரசீதையும் தீர்மானப் புத்தகத்தின் நகலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு, மோட்டாருக்கு எவ்வளவு என்று அவர்களே கூட்டிப் பார்க்கட்டும். வீட்டு வரி வசூலைப் பக்கத்தில் எழுதச் சொன்னால் அறை அமைதியாகிவிடும். பிறகு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110-வது பிரிவை எடுங்கள். தெருவிளக்கு, குடிநீர், வடிகால், துப்புரவு, சுடுகாடு ஆகியவை ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டியவை. 111-வது பிரிவில் இருப்பவை விரும்பினால் செய்யலாம். ரேஷன் கடையில் அரிசி சரியில்லை என்று திட்டு வாங்கும் தலைவருக்கு, அது தன் பொறுப்பே இல்லை என்று தெரிவதே பெரிய நிம்மதி.

நான் தலைவர். வகுப்புக்கு என் கணவரும் வருகிறேன் என்கிறார். வரலாமா?

வாசல் வரை வரட்டும், அம்மா. உள்ளே உங்கள் நாற்காலியில் நீங்கள்தான் உட்கார வேண்டும். 2016-இல் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு கொண்டுவந்தது அவர் குறிப்பெடுப்பதற்காக இல்லை. கணக்கு புரியாவிட்டால் அங்கேயே கையைத் தூக்கிக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் புரிந்திருக்காது.

துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். பயிற்சியில் இதற்கு வழி சொல்வீர்களா?

ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் ஒப்பமும் வேண்டும் என்பதால்தான் இந்தச் சிக்கல். இருவரையும் ஒரே வகுப்புக்கு அழைக்க வேண்டும் என்பது என் கருத்து. தனித்தனியாக அழைத்தால் ஆளுக்கொரு பாடத்தோடு ஊர் திரும்புவார்கள். மறுப்பு தொடர்ந்தால் எழுத்து மூலம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (பி.டி.ஓ.), ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கும் தெரிவியுங்கள். டீக்கடைப் பஞ்சாயத்து உதவாது.

மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியத்தில் சம்பளம் கொடுக்கலாமா?

கூடாது. 2021-22 முதல் 2025-26 வரையிலான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியது. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்குச் செலவிடலாம். அதிலும் சம்பளம், அலுவலகச் செலவு கிடையாது.

குடிநீர்த் தொட்டி ஆபரேட்டருக்கும் பயிற்சி தேவையா? மோட்டார் போடத் தெரிந்தால் போதாதா?

அவருக்குத்தான் முதலில் தேவை! ஊர் முழுக்கக் குடிக்கும் தண்ணீர் அவர் கையில். பிளீச்சிங் பவுடரைக் கைப்பிடி கணக்கில் அள்ளிப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரைமணி நேரமாவது கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் சோதித்தால், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். தொட்டியடியில் பார்த்துவிட்டுப் போவது ஏமாற்று வேலை. இந்தப் பாடத்தை மண்டபத்தில் நடத்தாதீர்கள். ஏதாவது ஓர் ஊரில், தொட்டிக்குக் கீழே நின்று நடத்துங்கள். தலைவரும் கூட நிற்கட்டும்.

கிராம சபைக்கு எத்தனை பேர் வந்தால் செல்லும்?

500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50. அதற்கு மேல் 3,000 வரை 100, 10,000 வரை 200, அதையும் தாண்டினால் 300. நூறு நாள் வேலைக்காரர்களை மட்டும் உட்கார வைத்து எண்ணிக்கை காட்டுவது எல்லோருக்கும் தெரிந்த கதை.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

அன்று மாலை வாங்கும் கருத்துப் படிவத்தை நான் நம்புவதில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் எல்லாமே 'மிக நன்று'தான். மூன்று மாதம் கழித்து அந்த ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். வரவு செலவைக் கிராம சபையில் படித்ததாகப் பதிவாகியிருக்கிறதா, குடிநீர்ச் சோதனை முடிவு எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.