மணமகனும் குதிரைக்காரனும்: ‘பிரைட்குரூம்’ என்ற சொல்லின் வரலாறு

மணமகனைக் குறிக்கும் ‘பிரைட்குரூம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மணமகளைக் குதிரைபோல் பராமரிப்பவன்’ என்று பொருள் கூறும் செய்தியொன்று வாட்ஸ்அப்பில் வந்ததாகவும், அதை மாணவர்களுக்குச் சொல்லலாமா என்றும் ஆங்கில ஆசிரியையான வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சொல்ல வேண்டாம். இச்சொல்லின் பழைய வடிவம் ‘பிரூட்குமா’. பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இங்கிலாந்தின் வெசெக்ஸ் வட்டார மொழியில் அமைந்த நற்செய்தி நூல்களில், ‘மணவாட்டியை உடையவனே மணவாளன்’ என்று வரும் யோவான் 3:29இல் இந்த வடிவமே நிற்கிறது. ‘பிரூட்’ என்பது மணமகள். ‘குமா’ என்பது ஆண்மகன். பேவுல்ஃப் என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தில் வீரர்களைக் குறிக்கப் பலமுறை வரும் இந்தக் ‘குமா’, மனிதன் என்று பொருள்படும் லத்தீன் ‘ஹோமோ’வுக்கு உறவுச்சொல்.

பின்னர் ‘குமா’ தனிச்சொல்லாக வழக்கிழந்தது. கூட்டுச்சொல்லின் பின்பகுதி மக்களுக்கு விளங்காமல் போகவே, இளைஞன், பணியாள் என்ற பொருள்களில் அப்போது வழங்கிய ‘குரூம்’ என்ற வேறொரு சொல்லின் சாயலில், பதினாறாம் நூற்றாண்டில் அங்கே ஒரு ரகர ஒலி புகுந்தது. குதிரைகளைப் பராமரிப்பவன் என்ற பொருள் ‘குரூம்’ என்பதற்கு நிலைபெற்றது அதற்கும் பிற்பாடுதான் என்பதால், வாட்ஸ்அப் விளக்கம் காலக்கணக்கிலேயே அடிபட்டுப்போகிறது. ஜெர்மனின் ‘பிராய்ட்டிகாம்’, டச்சு மொழியின் ‘பிரெய்டகோம்’, ஸ்வீடிஷின் ‘ப்ரூட்கும்’ ஆகிய மூன்றிலும் அந்த ரகரம் இல்லாதிருப்பது இன்னொரு சான்று.

இதே குடும்பத்தில் ‘பிரைடல்’ இன்னும் சுவையானது. மணமகள் தொடர்பான என்ற பொருளில் இன்று உரிச்சொல்லாக வழங்கும் இது, முதலில் ‘பிரூட்-எயலு’, அதாவது மணமகளின் பெயரால் நடக்கும் மதுவிருந்து. ‘எயலு’ என்பது பார்லியில் காய்ச்சிய ‘ஏல்’ என்னும் மது. ‘பிரைடல்’ என்பதன் இறுதியில் நின்ற அந்த ‘ஏல்’ஐப் பிற்காலத்தவர் உரிச்சொல்லாக்கும் ஒரு விகுதியாகவே எடுத்துக்கொண்டனர். (வகுப்பில் மதுவைப் பற்றிப் பேசுவதா என்பதைத் தங்கள் விருப்பத்திற்கே விடுகிறேன்.)

இத்தகைய செய்திகள் இனி வந்தால், சொல்லின் இன்றைய எழுத்துகளைப் பிரித்துப் பொருள் காணாமல், ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி போன்ற வரலாற்று அகராதியில் அதன் மிகப் பழைய வடிவத்தையும், ஒவ்வொரு பொருளும் முதன்முதலில் பதிவான ஆண்டையும் பாருங்கள். பெரும்பாலான கட்டுக்கதைகள் அந்த ஆண்டுகளிலேயே பிடிபட்டுவிடும்.