ஞாயிற்றுக்கிழமை கழுவினால் செவ்வாய்க்கிழமை மிதக்கும்

கேள்வி: பேரனுக்காக 2 அடி தொட்டியும் 6 கோல்டு பிஷ்ஷும் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் தொட்டியைக் கவிழ்த்து, கல், ஃபில்டர் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, முதல் நாளே அண்டாவில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுகிறோம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஒன்று செத்து மிதக்கிறது. மேலே புள்ளியோ புண்ணோ இல்லை. கடைக்காரர் நீல மருந்து கொடுத்தார். செத்ததற்குப் பதில் புதிது வாங்கி, இதுவரை 9 மீன் போயாச்சு. வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்கிறார்கள். என்னதான் காரணம்?
- ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: கண்டமும் இல்லை, திருஷ்டியும் இல்லை ஆச்சி. உங்கள் மீன்களைக் கொன்றது உங்கள் வீட்டுச் சுத்தம்.

மீன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியே விடும். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முதலில் செவுளைத்தான் அரிக்கும். மேனியில் அடையாளமே இல்லாமல் மீன் போவது அதனால்தான். இந்த அம்மோனியாவைத் தின்று தீர்க்க ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் உண்டு. ஃபில்டர் பஞ்சிலும் அடியில் கிடக்கும் கல்லிலும்தான் குடியேறும். தோசை மாவு ஒரு ராத்திரியில் புளித்துவிடும். இது நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். ஏழே நாளில் நீங்கள் சோப்போடு வந்துவிடுகிறீர்கள். பிறகு ஒவ்வொரு வாரமும் அது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி தொட்டியைக் கவிழ்க்காதீர்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் குழாய் வைத்து அடியிலிருந்து இழுத்து எடுங்கள். எடுத்த அதே தண்ணீரில் பஞ்சை இரண்டு முறை அமுக்கிப் பிழிந்தால் போதும். சோப்பு கிட்டவே வரக்கூடாது. தீனி ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. பேரன் கையில் டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

அண்டா என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன அண்டா? பிளாஸ்டிக், எவர்சில்வர் என்றால் சரி. குளோரின் போக ஒரு நாள் திறந்து வைப்பது நல்ல பழக்கம்தான். செம்பு, பித்தளை என்றால் கூடவே கூடாது. நமக்கு நல்லது என்று குடிக்கிறோமே, அந்தச் செம்பு மீனுக்கு விஷம். பித்தளையிலும் பாதிக்கு மேல் செம்புதான். ‘ஈயம் பூசியதுதானே’ என்பீர்கள். பூச்சு முழுசாக இருந்தால் குற்றமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பத்தா காலத்து அண்டாவைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள், அடி மூலையில் மஞ்சளாகத் தேய்ந்திருக்கும். அதிலும் முற்றத்து மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் இன்னும் மோசம். உப்புச் சத்து இல்லாத தண்ணீரில் செம்பு கூடுதலாகக் கடிக்கும். போர் தண்ணீர் அந்த வகையில் தேவலை; அதையும் மோட்டாரிலிருந்து நேரே ஊற்றாதீர்கள், காற்றே இருக்காது. ஒரு ராத்திரி ஏர் பம்ப் ஓடட்டும்.

அடுத்து அந்த நீல மருந்து. மெத்திலீன் ப்ளூ. பூஞ்சை பிடித்த மீனைத் தனியாக எடுத்து வைத்துக் கொடுக்க வேண்டியது. தொட்டியில் ஊற்றினால், நான் சொன்ன நல்ல கூட்டத்தையே அது அழிக்கும். மீன் சாகும், நீங்கள் மறுபடி கடைக்குப் போவீர்கள். ‘கோல்டு பிஷ் ஆயுசே அவ்வளவுதான்’ என்று சொல்லி அடுத்த ஜோடியைப் பையில் கட்டிக் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த கோல்டு பிஷ் 1999 வரை, 43 வருஷம் இருந்தது. ஒழுங்காக வளர்த்தால் 10 வருஷம் சாதாரணம்.

அம்மோனியா பார்க்கும் கிட் இருக்கிறதா என்று அந்தக் கடையில் கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் எதுக்கு?’ என்பார்கள். அது இருந்தால் அவர்கள் வியாபாரம் படுத்துவிடுமே! 2017-ல் மத்திய அரசு அலங்கார மீன் கடைகளுக்கென்று விதி கொண்டுவந்தது. வந்த வேகத்தில் திரும்பவும் வாங்கிக்கொண்டது. மீனுக்காக யார் கேட்கப் போகிறார்கள்?

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட்டை நிறுத்துகிற அன்றைக்கு, பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும், அம்மோனியாவின் விஷமும் ஏறும். சித்திரையில் தீனியைப் பாதியாக்குங்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து மெஷின் வேண்டாம். ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளும்.

இப்போது எத்தனை மீன் மிச்சம் என்று நீங்கள் எழுதவில்லை. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். சின்னதாக இருக்கும்வரை 2 மீன், அதற்கு மேல் வேண்டாம். ஆறு வாரத்துக்குப் புதிதும் வாங்காதீர்கள். அதிகமாக இருப்பதை ஊருணியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், அங்கே இருக்கிற மீனுக்கும் அது கேடு. கடைக்கே திருப்பிக் கொடுங்கள். காசு தரமாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.